தலையில் ஒரு கட்டி, ரிப்போர்ட்டில் ஒரு புரியாத பெயர்: மயிர்க்கால் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசுப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும் டாக்டரை நோயாளிகள் பார்ப்பதே இல்லை. அவர் எழுதிய ரிப்போர்ட் மட்டும்தான் அவர்கள் கைக்குப் போகிறது. அதில் 'ட்ரைக்கிலெம்மல் கார்சினோமா' என்று ஒரு வரி இருந்துவிட்டால் அன்று அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. தேடிப் பார்த்தாலும் டாக்டர்களுக்காக டாக்டர்கள் எழுதியதுதான் கிடைக்கும். அந்த வரியை எழுதும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில், இந்த நோயைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

முடியில் எப்படிப் புற்றுநோய் வரும்?

முடியில் வராது. தோலுக்கு மேலே தெரியும் முடி உயிரற்றது. வெட்டினால் வலிக்காததற்குக் காரணம் அதுதான். உயிருள்ள பகுதி தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்கால். தலையில் மட்டும் சுமார் 1 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலின் மேற்பரப்பிலிருந்து கீழே கொழுப்பு அடுக்கு வரை இறங்கும் ஒரு சின்னக் குழாய். அடியில் குமிழ் போல உப்பிய இடத்தில் செல்கள் ஓயாமல் பிரிந்து முடியை உற்பத்தி செய்கின்றன. அந்த இடத்துக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். வளரும் முடியைச் சுற்றி உள் உறை, வெளி உறை என இரண்டு உறைகள் இருக்கும், வாளுக்கு உறை போல.

இந்த வெளி உறையின் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகினால் வருவது ட்ரைக்கிலெம்மல் கார்சினோமா. மேட்ரிக்ஸ் செல்களிலிருந்து வந்தால் பைலோமேட்ரிக்ஸ் கார்சினோமா. எந்தப் பகுதியின் சாயல் செல்களில் தெரிகிறதோ அந்தப் பகுதியின் பெயரைக் கட்டிக்கு வைக்கிறோம்.

அப்படியென்றால் இது ஒரே நோய் இல்லையா?

இல்லை, சின்னக் குடும்பம். மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

ட்ரைக்கிலெம்மல் கார்சினோமா பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, வெயில் படும் இடங்களில் வரும்: முகம், காது, தலை, கழுத்து, புறங்கை. இந்தப் பெயரைத் தெளிவான வரையறையோடு எழுதியவர் ஹெடிங்டன் என்ற நோய்க்கூறு நிபுணர், 1976இல். நுண்ணோக்கியில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் நடத்தையில் இது பெரும்பாலும் சாதுவானது.

பைலோமேட்ரிக்ஸ் கார்சினோமா அப்படியில்லை. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் முகத்திலோ கையிலோ கல் மாதிரி கெட்டியாக வரும் பைலோமேட்ரிகோமா என்ற தீங்கற்ற கட்டி உண்டு. 1880இல் மல்ஹெர்ப் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது அது; உள்ளே சுண்ணாம்பு படிவதால்தான் கெட்டி. அதன் புற்றுநோய் வடிவம்தான் இது. நடுவயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் திரும்ப வரும் குணம் இதற்கு நிறையவே உண்டு. சிலருக்கு நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறது.

மூன்றாவது, தலையில் பல வருஷமாக இருக்கும் கழலையிலிருந்து கிளம்புவது. வயதான பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். பெருகும் ட்ரைக்கிலெம்மல் கட்டி என்பார்கள். பெரும்பாலானவை தீங்கற்றவை, சில மட்டும் புற்றாக மாறும்.

எவ்வளவு அரிது? எங்கள் டாக்டரே 'நான் பார்த்ததில்லை' என்கிறார்.

அதற்காக அவரைச் சந்தேகப்படாதீர்கள். நிறைய தோல் டாக்டர்கள் தங்கள் வேலைக்காலம் முழுவதிலும் ஒன்றோ இரண்டோதான் பார்ப்பார்கள். மருத்துவ இதழ்களில்கூட இந்த நோய் பெரும்பாலும் ஒவ்வொரு நோயாளியின் கதையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் பேரை வைத்து இந்தச் சிகிச்சையா அந்தச் சிகிச்சையா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதுவும் கிடையாது. 'பார்த்ததில்லை' என்று சொல்லும் டாக்டர், பார்த்தவரிடம் கேட்டுக்கொள்வார். அது நல்லதுதான்.

பார்வைக்கு எப்படி இருக்கும்?

தனக்கென்று ஒரு முகம் இல்லாத கட்டி இது. தோல் நிறத்திலோ சிவந்தோ ஒரு சின்ன மேடு. சில மாதங்களில் வளரும். நடுவில் பொருக்கு தட்டும், உரிந்தால் ரத்தம் வரும், திரும்பப் பொருக்கு. சிலருக்கு மரு போல முளைக்கும், சிலருக்கு நேராகப் புண்ணாகவே ஆரம்பிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது.

இதே வர்ணனை அடித்தள செல் புற்றுநோய்க்கும் பொருந்தும், செதிள் செல் புற்றுநோய்க்கும் பொருந்தும். அவை இரண்டும் தோலில் வரும் வேறு புற்றுகள், இதைவிடப் பல மடங்கு சகஜம். ஆகவே கண்ணால் பார்த்து 'இது மயிர்க்கால் புற்றுநோய்' என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. டாக்டரின் சீட்டில் 'அடித்தள செல் புற்றுநோயா?' என்று கேள்விக்குறியோடுதான் எங்களிடம் வரும். பதில் வேறாக இருக்கும்போது அவரும் எங்களைப் போலவே ஆச்சரியப்படுவார்.

அம்மாவுக்குத் தலையில் இருபது வருஷமாக ஒரு கழலை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இருபது வருஷமாக அப்படியே இருந்தால் பயம் வேண்டாம். தலையில் வரும் உருண்டையான, வழுவழுப்பான, தொட்டால் நழுவும் கழலைகள் பெரும்பாலும் மயிர்க்காலின் வெளி உறையிலிருந்து வருபவைதான். உள்ளே இருப்பது கெரட்டின், முடியிலும் நகத்திலும் இருக்கும் அதே புரதம். இதைப் பலர் கொழுப்புக் கட்டி என்கிறார்கள், சில டாக்டர்களும் பழக்கத்தில் அப்படியே எழுதுகிறார்கள்; அதில் கொழுப்பு கிடையாது.

கவனிக்க வேண்டியது மாற்றம். சும்மா இருந்த கழலை சில மாதத்தில் வேகமாகப் பெருக்கிறது, மேலே இருக்கும் தோல் உடைந்து ரத்தமோ துர்நாற்றமுள்ள நீரோ வருகிறது, முன்பு நழுவியது இப்போது மண்டையோடு ஒட்டினாற்போல் அசையாமல் இருக்கிறது, காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டியிருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். கழலை இல்லாதவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன்: தலையிலோ முகத்திலோ ஒரு புண் நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் அதற்கு மேல் களிம்பு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

பயாப்சிக்குக் கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் வீணான மாதங்கள் நிறைய. தோல் கட்டியில் பயாப்சி எடுப்பதால் நோய் பரவி ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பயாப்சி செய்த பிறகு பெரிதாவது போலத் தெரிந்தால், அது ஏற்கனவே வளர்ந்துகொண்டிருந்த கட்டி.

எப்படி எடுக்கிறார்கள் என்பது முக்கியம். மேலாகச் சீவி எடுத்தால் தோலின் மேல் மாடியை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம். மயிர்க்கால் நோயோ கீழ்மாடியில் இருக்கிறது. 4 மில்லிமீட்டர் குழாய்க் கத்தியால் கொழுப்பு தெரியும் வரை ஆழமாகக் குத்தி எடுக்கலாம், அல்லது கட்டியின் ஓரத்தையும் பக்கத்து நல்ல தோலையும் சேர்த்து ஒரு துண்டு வெட்டலாம். கட்டி சின்னதாக இருந்தால் முழுவதையும் எடுத்து அனுப்புவது எங்களுக்கு மிக வசதி, ஏனென்றால் கட்டியின் மொத்த வடிவமும் சேர்ந்துதான் பெயரைச் சொல்கிறது. நடுவில் இருக்கும் பொருக்கை மட்டும் எடுத்து அனுப்பினால் செத்த திசுவைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் போதாதா?

கழுத்தில் இருக்கும் நெறிக்குப் போதும். தோல் கட்டிக்குப் போதாது. ஊசியில் வருவது உதிரிச் செல்கள், வீடு எப்படி இருந்தது என்று செங்கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

வரும் துண்டை முதலில் ஃபார்மலினில் ஊற வைக்கிறோம். அப்புறம் மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறோம். ட்ரைக்கிலெம்மல் கார்சினோமாவில் முதலில் கண்ணில் படுவது வெளுத்த செல்கள். கழுவி எடுத்தாற்போல் வெறுமையாகத் தெரியும். காரணம், மயிர்க்கால் வெளி உறையின் செல்கள் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை வைத்திருப்பவை. திசுவைப் பதப்படுத்தும்போது அதில் நிறையக் கரைந்துபோய் வெற்றிடம் தங்குகிறது. இதை உறுதி செய்ய ஒரு பழைய சோதனை இருக்கிறது: பிஏஎஸ் சாயம் போட்டால் மிச்சமிருக்கும் கிளைகோஜன் ஆழ்ந்த இளஞ்சிவப்பாகும்; டயஸ்டேஸ் என்ற நொதியை முதலில் ஊற்றிவிட்டு அதே சாயம் போட்டால் நிறம் வராது.

இரண்டாவது, ஓரத்தில் இருக்கும் செல்கள் வேலிக் கம்பு நட்டாற்போல வரிசையாக நிற்கும். அவற்றைச் சுற்றி கண்ணாடி போன்ற ஒரு தடித்த விளிம்புக் கோடு இருக்கலாம். மூன்றாவது அடையாளம்தான் எனக்குப் பிடித்தது. சாதாரணத் தோலில் செல்கள் கெரட்டினாக மாறுவதற்கு முன் துகள் நிறைந்த ஒரு அடுக்கைக் கடக்க வேண்டும். மயிர்க்கால் வெளி உறையில் அந்தப் படிக்கட்டு கிடையாது. செல்கள் திடீரென்று கெரட்டினாகிவிடும். கட்டிக்குள் அந்தத் திடீர் மாற்றம் தெரிந்தால் அது தன் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். புற்றா இல்லையா என்று சொல்ல வேறு சாட்சிகள் வேண்டும்: செல்களின் உட்கருக்கள் கோணல்மாணலாகப் பெருத்திருப்பது, செல் பிரிவுகள் கண்டபடி நடப்பது, கட்டி எல்லை மீறிக் கீழ்த் தோலுக்குள் நுழைவது. பைலோமேட்ரிக்ஸ் வகையில் உட்கரு மறைந்து வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய நிழல் செல்கள் கூட்டமாக இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. தலையில் வெளுத்த செல்கள் உள்ள கட்டி என்றதும் எங்களுக்கு உடனே வரும் கவலை, சிறுநீரகப் புற்றுநோய். சிறுநீரகத்தில் இருக்கும் புற்று ரத்தம் வழியாகத் தலைத் தோலுக்கு வந்து கட்டியாக நிற்பதுண்டு, அதன் செல்களும் இதே போல வெளுத்திருக்கும். எண்ணெய்ச் சுரப்பிப் புற்று, வியர்வைச் சுரப்பிப் புற்று ஆகியவையும் இதே வேடத்தில் வரும். இவற்றைப் பிரிக்கத்தான், குறிப்பிட்ட புரதங்களை மட்டும் பிடித்துக் காட்டும் இம்யூனோ சாயங்களைக் கேட்கிறோம். பேக்ஸ்8 சிறுநீரகத்தைக் காட்டும், அடிப்போஃபிலின் எண்ணெய்ச் சுரப்பியைக் காட்டும், கெரட்டின் 17 மயிர்க்கால் பக்கம் கொஞ்சம் சாயும். இந்தச் சாயங்களுக்காக ரிப்போர்ட் சில நாள் தள்ளிப்போனால் எரிச்சல்படாதீர்கள்.

ஒரு லேபில் ட்ரைக்கிலெம்மல் கார்சினோமா, இன்னொரு லேபில் தெளிசெல் (வெளுத்த செல்) வகைச் செதிள் செல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. யாரை நம்புவது?

இரண்டு பேருமே நேர்மையாக எழுதியிருக்கலாம். செதிள் செல் புற்றுநோயிலும் வெளுத்த செல்கள் வரும். ட்ரைக்கிலெம்மல் கார்சினோமா என்று தனியாக ஒன்று இருக்கிறதா, அது செதிள் செல் புற்றின் ஒரு வேடம்தானா என்று நிபுணர்களே வாதம் செய்கிறார்கள். தோல் நோய்க்கூறில் தனிப் பயிற்சி உள்ளவரிடம் அதே கண்ணாடித் தகடுகளைக் காட்டுங்கள். அவரும் தயங்கினால், கொஞ்சம் முரடான பெயரை எடுத்துக்கொண்டு அதற்கேற்ப அறுவை செய்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. பெயர்ச் சண்டை முடியும் வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் பெயரைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

விளிம்பு. பெயரைவிட இதுதான் உங்கள் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கப் போகிறது. வெட்டியெடுத்த துண்டின் ஓரத்தில் கட்டியின் செல்கள் தொடுகின்றனவா, தொடவில்லையென்றால் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று பக்க விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 'விளிம்பில் நோய் இல்லை' என்று மொட்டையாக இருந்தால் அளவைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதோடு, கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பைச் சுற்றிப் போயிருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைந்திருக்கிறதா என்ற வரிகளையும் பாருங்கள்.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். சர்ஜன் '10 மில்லிமீட்டர் விட்டு வெட்டினேன்' என்பார், ரிப்போர்ட்டில் 7 என்றிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. உடம்பில் விறைப்பாக இருந்த தோல் வெட்டியதும் சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

ஸ்கேன் எல்லாம் வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். முதலில் டாக்டர் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தலையின் முன்பக்க நிணநீர் காதுக்கு முன்னால் இருக்கும் முடிச்சுகளுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிப் பகுதிக்கும் வடியும், பின்பக்கம் காதுக்குப் பின்னாலும் பிடரிக்கும் போகும், பிறகு எல்லாம் கழுத்தில் சேரும். நெறி தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்டும் ஊசிப் பரிசோதனையும். கட்டி எலும்போடு ஒட்டியிருந்தால் சிடியோ எம்ஆர்ஐயோ. பைலோமேட்ரிக்ஸ் வகையில் நெஞ்சையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள்.

ஏன் வந்தது? முடிக்குச் சாயம் போட்டதாலா?

சாயத்துக்கும் சீப்பு பட்ட காயத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்டப்படவில்லை. பல வருஷ வெயில்தான் முதல் சந்தேகம். கட்டி வரும் இடங்களே அதைச் சொல்கின்றன. உறுப்பு மாற்றம் செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், பழைய தீக்காயத் தழும்பிலும், முன்பு கதிர்வீச்சு பட்ட தோலிலும் வந்திருக்கிறது. கிரிசியோஃபல்வின் மாத்திரை 1950களின் கடைசியில் வரும் வரை, குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்கு எக்ஸ்ரே வைத்து முடியை உதிர வைப்பது வழக்கமான வைத்தியம். அப்படிச் செய்துகொண்ட குழந்தைகளில் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைத் தோலில் புற்று வந்தது. வயதானவர்களிடம் 'சின்ன வயதில் தலைக்குக் கதிர் வைத்தார்களா' என்று கேட்பது அதனால்தான்.

குடும்பத்தில் பொதுவாகத் தொடராது. முகத்தில் நிறைய ட்ரைக்கிலெம்மோமா என்ற தீங்கற்ற முளைகள் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. கௌடன் நோய் என்ற பிடென் (PTEN) மரபணுக் கோளாறாக இருக்கலாம், அதில் மார்பகம், தைராய்டு, கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு மரபணு ஆலோசனை தேவை.

ஒரு சென்டிமீட்டர் கட்டிக்கு ஏன் இவ்வளவு நீளத் தையல்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடித்தள செல் புற்றுக்கு, ஆபத்து குறைந்த இடமாக இருந்தால், சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோல் விட்டு எடுக்கிறார்கள். செதிள் செல் புற்றுக்கு 4 முதல் 6. மயிர்க்கால் புற்றுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது. வெளியான அறிக்கைகளில் 1 சென்டிமீட்டர் என்பதுதான் அதிகம் தென்படுகிறது. 1 சென்டிமீட்டர் கட்டி, இருபக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர், ஆக அகலம் 3. வட்டமாக வெட்டித் தைத்தால் இரு முனையிலும் தோல் கூம்பாகப் புடைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குக் கண் வடிவில் வெட்ட வேண்டும். 9 சென்டிமீட்டர் தையல் வந்துவிட்டது! இதை முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து காட்டும் சர்ஜன் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஆழமும் உண்டு. கட்டியோடு அடியில் இருக்கும் கொழுப்பும் வர வேண்டும். எடுத்த துண்டில் ஒரு நூலைக் கட்டி 'இது மேல்பக்கம்' என்று அடையாளம் வைத்து அனுப்புவார்கள். நாங்கள் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒவ்வொரு மை தடவுகிறோம். எந்த ஓரத்தில் நோய் மிச்சம் என்று பிறகு சொல்ல முடிவது இந்த நூலால்தான். நூல் இல்லாமல் வந்தால் 'எங்கோ ஒரு ஓரத்தில்' என்றுதான் எழுத முடியும், அதனால் யாருக்கும் பயனில்லை.

மோஸ் அறுவை என்கிறார்களே, அது என்ன?

எங்கள் வேலையில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வந்த துண்டை வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய சீவலைப் பார்க்கிறோம். இரண்டு வில்லைக்கு நடுவில் இருப்பதைப் பார்ப்பதில்லை. கணக்குப்படி மொத்த விளிம்பில் ஒன்றிரண்டு சதவீதம்தான் எங்கள் கண்ணில் படுகிறது. கட்டி வட்டமாக ஒழுங்காக வளர்ந்திருந்தால் இது போதும். மெல்லிய வேர் விட்டிருந்தால் அந்த வேர் இரண்டு வில்லைக்கு நடுவில் ஒளிந்துவிடும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1930களில் ஃபிரெடரிக் மோஸ் என்பவர் வேறு வழியில் போனார். துண்டைக் கிண்ணம் போல எடுத்து, அதன் பக்கங்களை அமுக்கித் தட்டையாக்கி, அடியையும் ஓரத்தையும் ஒரே தளத்தில் சீவினார். அதாவது விளிம்பு முழுவதையும் பார்க்க முடிந்தது. அவர் காலத்தில் துத்தநாக குளோரைடு பசையைத் தடவித் திசுவை உடம்பிலேயே பதப்படுத்தினார்கள், வலி அதிகம். 1970களில் பசையை விட்டுவிட்டு, வெட்டிய திசுவை உறைய வைத்துச் சீவும் முறை பரவியது. இன்று செய்வது அதுதான்.

நோயாளிக்கு அது எப்படி இருக்கும் என்றால், மரத்துப்போக ஊசி, கட்டியோடு ஒரு மெல்லிய அடுக்கு எடுப்பது, கட்டுப் போட்டு வெளியே உட்கார வைப்பது. ஒரு மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும். நோய் மிச்சமிருந்தால், வரைபடத்தில் எந்த இடமோ அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு. எதுவும் இல்லை என்றானதும் காயத்தை மூடுவார்கள். ஒரு பகல் முழுக்கப் போய்விடலாம்.

மூக்கு, கண் இமை, காது போன்ற, 1 சென்டிமீட்டர் என்பது பெரிய தோட்டம் மாதிரியான இடங்களில் இதன் அருமை தெரியும். திரும்ப வந்த கட்டிக்கும் இது நல்ல வழி. உறைந்த திசுவில் இந்த வெளுத்த செல்களைப் படிப்பது சிலருக்குச் சிரமமாக இருப்பதால், அதே முறையில் எடுத்து, மெழுகில் பதித்து, சில நாள் கழித்து முடிவு சொல்லி, அதுவரை காயத்தைத் திறந்து கட்டி வைப்பதும் உண்டு. மோஸ் வசதி பக்கத்தில் இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம். அகலமாக எடுத்து, விளிம்பை ஒழுங்காகப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதுமானது.

தலையில் அவ்வளவு பெரிய காயத்தை எப்படி மூடுவார்கள்?

தலைத் தோல் இழுத்தால் வராது. தோலுக்கு அடியில் கேலியா என்ற கெட்டியான நார்ப் பாய் இருக்கிறது, அது நீள்வதில்லை. 3 சென்டிமீட்டர் அகலக் காயத்தை நேராகத் தைப்பது பல நேரம் முடியாத காரியம். பக்கத்துத் தோலை ரத்த ஓட்டத்தோடு சுழற்றிக் கொண்டுவந்து மூடுவார்கள்; முடியுள்ள தோலே வருவதால் பிறகு பார்க்க நன்றாக இருக்கும். இல்லையென்றால் தொடையிலிருந்து தோல் ஒட்டு. ஒட்டு பிடிக்க எலும்பின் மேல் உறை மிச்சமிருக்க வேண்டும், வெறும் எலும்பில் பிடிக்காது. ஒட்டிய இடத்தில் முடி வளராது.

என் ஆலோசனை: விளிம்பில் நோய் இல்லை என்று உறுதியாகும் முன் பெரிய சுழற்சித் தையல் வேண்டாம் என்று சர்ஜன் சொன்னால், அவசரப்படுத்தாதீர்கள். தோலைச் சுழற்றி இடம் மாற்றிய பிறகு 'மேல் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது' என்று நாங்கள் சொன்னால், அந்த மேல் ஓரம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

முழு மயக்கம் கொடுப்பார்களா? ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்தவா?

பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைக் காயம் அதிகம் ரத்தம் கசியும் என்பது உண்மைதான், ஆனால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். இதயத்துக்கு வைத்த மாத்திரையை நிறுத்தி வரும் பக்கவாதம் அப்படி நிற்காது. எழுதிக்கொடுத்த டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் தலையை உயர்த்திப் படுங்கள். கட்டு நனைந்து ரத்தம் வந்தால், எட்டி எட்டிப் பார்க்காமல் 20 நிமிடம் தொடர்ந்து அழுத்துங்கள். நிற்கவில்லை என்றால் கிளம்புங்கள். நெற்றியிலோ முன்தலையிலோ ஆபரேஷன் என்றால் மறுநாள் கண் வீங்கிக் கறுத்துப்போகும். ரத்தமும் நீரும் கீழே இறங்குகின்றன, அவ்வளவுதான். முகத் தையலை ஒரு வாரத்துக்குள்ளும் தலைத் தையலைப் பத்து நாள் வாக்கிலும் பிரிப்பார்கள். புகைப்பவர்களுக்குச் சுழற்றி வைத்த தோல் கறுத்துப்போகும் வாய்ப்பு அதிகம்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'அடி விளிம்பில் கட்டி தொடுகிறது' என்று இருக்கிறது.

மறுபடி எடுக்க வேண்டும். பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். முதல் தடவை சாதாரணக் கழலை என்று நினைத்து எடுத்தவர்களுக்கு இப்படி வருவது சகஜம், யாருடைய தவறும் இல்லை. தழும்பு தெளிவாகத் தெரியும்போதே செய்தால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும்.

ரேடியேஷன், கீமோ?

விளிம்பு சுத்தமாக இருந்து, நரம்பில் நோய் இல்லை, நெறி இல்லை என்றால் இரண்டுமே வேண்டாம். மறுபடி வெட்ட முடியாத இடம், நரம்பைச் சுற்றிப் போன நோய், நெறிக்குப் பரவியது, அல்லது ஆபரேஷன் தாங்காத உடம்பு என்றால் ரேடியேஷன் வரும். உள்ளுறுப்புகளுக்குப் பரவிய அபூர்வமான நிலையில் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் தரப்பட்டிருக்கின்றன, பலன் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. செதிள் செல் புற்றுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமிப்லிமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்த அனுமதி இந்த நோய்க்கானதல்ல. புற்றுநோய் டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

திரும்ப வருமா? எத்தனை நாள் செக்கப் போக வேண்டும்?

முழுமையாக எடுத்த ட்ரைக்கிலெம்மல் கார்சினோமா பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வருவதில்லை. பைலோமேட்ரிக்ஸ் வகைக்குக் கண்காணிப்பு இறுக்கமாக வேண்டும். வழக்கமாக முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை. தழும்பையும் கழுத்தையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது. வெயில் பட்ட தோலில் இன்னொரு புதிய புற்று வரும் வாய்ப்பு, பழையது திரும்புவதைவிட அதிகமாக இருக்கலாம். ஆகவே தலை முதல் புறங்கை வரை பார்க்கச் சொல்லுங்கள். வழுக்கை உள்ளவர்களுக்குத் தொப்பி.

அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன் கழலை என்று எடுத்தார்கள். லேபுக்கு அனுப்பவில்லை. இப்போது அதே தழும்பில் மேடாக வளர்கிறது.

தீங்கற்ற கழலையின் உறை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இப்படி வளரும்; அதனால் இப்போதே மோசமானதை நினைக்க வேண்டாம். ஆனால் இந்த முறை ஆபரேஷனுக்கு முன் ஆழமான பயாப்சி ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் கட்டியின் அளவும் 'உள்ளே என்ன இருந்தது' என்ற வரியும் இருந்தால் அதன் நகலைக் கொண்டுபோங்கள். ஒருவேளை அப்போது வேறு யாராவது அனுப்பியிருந்தால், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி அந்த லேபிலேயே இருக்கும். அவற்றை வருஷக்கணக்கில் வைத்திருப்போம், எண்ணைச் சொன்னால் எடுத்து மறுபடி சீவிப் பார்க்கலாம். இந்த முறை எடுப்பது சின்னத் துண்டாக இருந்தாலும் ஃபார்மலின் டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு கிளம்புங்கள்.